பழி யார் தலையில்? சிக்ஸர்ஸ் தோற்ற இரவும் ஆறு பேரின் மஞ்சள் தாளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2021 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அன்று தந்தையர் தினம். ஃபிலடெல்ஃபியாவின் தெற்குப் பகுதியில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்றின் முன்னறையில் ஆறு பேர் டிவி முன்னால் இருந்தோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவருடைய தங்கை மகன், கல்லூரி மாணவன். பள்ளிப் பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சர். ஒரு நர்ஸ். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவர். ஆறாவது ஆள் நான். மூன்றாண்டுகளாக அதே அறை, அதே சோபா, அதே ஆட்கள். எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணி சிக்ஸர்ஸ் தோற்று, ஆட்டம் முடிந்த கால் மணி நேரத்தில் அந்தக் கூட்டம் உடைந்தது. உடைத்தது ஒரே கேள்வி: தோற்றதற்கு யார் காரணம்? அந்தக் கேள்வியை நாங்கள் எப்படிக் கையாண்டோம், எதில் சறுக்கினோம் என்பதற்கான பதிவு இது.

கூடைப்பந்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். என்பிஏ என்பது கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவாக நடக்கும் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். 'செவன்ட்டி சிக்ஸர்ஸ்' அதில் ஃபிலடெல்ஃபியாவின் அணி. கிரிக்கெட் சிக்ஸருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் இதே ஊரில் கையெழுத்தான 1776-ஆம் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம்தான் பெயர். கடைசியாகக் கோப்பை வாங்கியது 1983-இல். கிழக்குப் பிரிவின் இறுதிக்குப் போனதே 2001-இல்தான். நடுவில் சில ஆண்டுகள் நல்ல இளம் வீரர்களை டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள்; அதிகம் தோற்ற அணிகளுக்கு முன்வரிசை வாய்ப்பு) முதலில் எடுப்பதற்காக அணி நிர்வாகம் தெரிந்தே தோல்விகளைச் சகித்துக்கொண்டது. 2015-16 சீசனில் 82 ஆட்டத்தில் 10 வெற்றி, 72 தோல்வி. ரசிகர்கள் அதையும் பொறுத்துக்கொண்டார்கள். அந்தப் பொறுமைக்குக் கிடைத்த கூலி இரண்டு பேர்: ஜோயல் எம்பீட், பென் சிம்மன்ஸ்.

சிம்மன்ஸ் 2016 டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவர். ஏழடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த உயரத்தில் பந்தை நடத்திக்கொண்டு போகும் ஆட்டக்காரர்கள் அபூர்வம். 2021-இல் சிறந்த தடுப்பாளர் விருதில் ரூடி கோபேருக்கு அடுத்த இடம் அவருக்கு. ஒரே குறை, தூரத்திலிருந்து ஷாட் போடமாட்டார். ஃப்ரீ த்ரோவும் (எதிராளி ஃபவுல் செய்தால் கோட்டில் நின்று தடையில்லாமல் போடும் ஒரு புள்ளி ஷாட்) தகராறு.

அந்த ஆண்டு கொரோனாவால் சீசன் 72 ஆட்டமாகச் சுருங்கியது. சிக்ஸர்ஸ் 49 வென்று கிழக்கில் முதலிடம். இரண்டாம் சுற்றில் எதிரே வந்தது ஐந்தாம் இடத்து அட்லாண்டா ஹாக்ஸ். எங்கள் அறையில் யாருக்கும் சந்தேகமே இல்லை. டிரைவர் கிழக்கு இறுதிக்கு என்றே ஒரு பெட்டி பீர் வாங்கி நிலவறையில் அடுக்கிவைத்திருந்தார்.

நான்கு ஆட்டம் முதலில் வெல்பவருக்கே தொடர். அது 3-3 என்று ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது.

ஏழாவது ஆட்டத்தின் இரவு

முடிய 3 நிமிடம் 29 நொடி இருக்கும்போது ஸ்கோர் ஹாக்ஸ் 88, சிக்ஸர்ஸ் 86. சிம்மன்ஸ் கூடைக்கு அருகே பந்தை வாங்கி, காவலுக்கு நின்ற டனிலோ கலினாரியை ஒரு சுழற்சியில் தாண்டினார். கூடைக்கு அடியில் மிச்சம் இருந்தவர் ஆறடி ஒரு அங்குலம் உயரமுள்ள ட்ரே யங் மட்டும். எழும்பித் திணித்தால் இரண்டு புள்ளி. எங்கள் அறையில் அத்தனை பேரும் அரைகுறையாக எழுந்துவிட்டோம், கை தட்டுவதற்கு. சிம்மன்ஸ் எழும்பவில்லை. பக்கத்தில் ஓடிவந்த மட்டீஸ் தைபுலிடம் பந்தைத் தள்ளிவிட்டார். தைபுலை ஃபவுல் செய்தார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. 88-87.

எழுந்தவர்கள் உட்காரவே இல்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாதி நின்ற நிலையிலேயே டிரைவர் கத்த ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு நடந்தது ஏராளம். யங் வெகு தூரத்திலிருந்து ஒரு மூன்று புள்ளி போட்டு 93-87 ஆக்கினார். சிக்ஸர்ஸ் 93-92 வரை நெருங்கினார்கள். 54 நொடி இருக்கையில் மூன்று புள்ளி ஷாட் எடுத்துக்கொண்டிருந்த கெவின் ஹெர்ட்டரை தைபுல் இடித்துவிட்டார். ஹெர்ட்டர் மூன்று ஃப்ரீ த்ரோவையும் போட்டார். அடுத்து எம்பீட் பந்தைப் பறிகொடுக்க, கலினாரி ஓடிப்போய்த் திணித்தார். முடிவு 103-96.

மாணவன் அன்று 25-ஆம் எண் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். சிம்மன்ஸின் எண். மாமன்காரர் அதைக் காட்டி, "இந்தச் சட்டையோட இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்றார். சொன்னது ஆங்கிலத்தில், அந்த ஊர்த் தெருவுக்கே உரிய இரண்டு மூன்று வசவுகளோடு, சாரம் இதுதான். பையன் பதில் பேசவில்லை. காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிப் போனான்.

அடுத்த அரை மணி நேரத்தில் இரண்டு பேச்சு டிவியில் வந்தது. எம்பீட், ஆட்டம் திரும்பிய இடம் எது என்று கேட்டபோது, கிடைத்த நல்ல ஷாட்டை எடுக்காமல் ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ மட்டும் போட்ட அந்தத் தருணத்தைச் சொன்னார். பெயர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையிருக்கவில்லை. கோப்பை வெல்லும் அணிக்கு சிம்மன்ஸ் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தை நடத்திப்போய் ஆட்டத்தை ஓட்டுபவராக, இருக்க முடியுமா என்று கோச் டாக் ரிவர்ஸிடம் கேட்டார்கள். அதற்கு விடை தனக்குத் தெரியவில்லை என்றார் அவர்.

அதோடு எங்கள் அறையில் வழக்கு முடிந்தது. அணியின் பெரிய நட்சத்திரமும் கோச்சுமே ஒருவரைக் கைகாட்டிய பிறகு, டிவி முன்னால் இருப்பவர்கள் வேறு எதைத் தோண்டப்போகிறார்கள்?

கவனித்தவை

அடுத்த பத்து நாள் நாங்கள் பேசிய விதத்தைப் பின்னால் யோசித்தபோது சில விஷயங்கள் பட்டன.

ஒன்று, அந்த ஒரு பாஸை எல்லோராலும் அங்குலம் அங்குலமாகச் சொல்ல முடிந்தது. யங் எந்தப் பக்கம் நின்றார், சிம்மன்ஸ் எந்தக் காலில் சுழன்றார், எல்லாம். அதே ஆட்டத்தில் சிக்ஸர்ஸின் டோபையாஸ் ஹாரிஸ் 24 ஷாட் எடுத்து 8 மட்டுமே போட்டார் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. எம்பீட் 31 புள்ளி எடுத்தார் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு, அவர் எட்டு முறை பந்தைத் தொலைத்தார் என்று சொல்லத் தெரியவில்லை. எதிரணி நட்சத்திரம் யங் 23-க்கு 5 என்று படுமோசமாகச் சுட்ட ஒரு நாளில் நாம் தோற்றோம் என்பதே டீச்சர் எடுத்துச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

இன்னொன்று, நாங்கள் 'யார் காரணம்' என்று கேட்டுக்கொண்டே மூன்று வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். டிரைவருக்கு அது 'யாரை விற்றால் அடுத்த வருஷம் ஜெயிப்போம்' என்ற கேள்வி. நர்ஸுக்கு 'அன்று யார் சரியாக ஆடவில்லை' என்ற கேள்வி. முடிதிருத்தும் நண்பருக்கு 'யார் வாங்கும் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை' என்பது. மூன்றுக்கும் சிம்மன்ஸ் என்று பதில் வந்ததால், கேள்வி ஒன்றே என்று நினைத்துவிட்டோம்.

முக்கியமானது இன்னொன்று. பையன் வரவில்லை. அவனுடைய அம்மா, டிரைவரின் தங்கை, இரண்டு முறை போன் செய்தும் இவர் எடுக்கவில்லை. ஒரு பந்தாட்டத்துக்காகவா என்று கேட்கலாம். நாற்பதாண்டு காத்திருந்தவரிடம் அதைக் கேட்க எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

யோசனை டீச்சருடையது. அவர் பள்ளி அணியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்: தோற்ற அன்று யாரும் யார் பெயரையும் சொல்லக்கூடாது, மறுநாள் முழு ஆட்டத்தையும் போட்டுப் பார்த்த பிறகுதான் பேச்சு. அதையே கொஞ்சம் மாற்றி எங்களுக்கு வைத்தார்.

ஆளுக்கு ஒரு மஞ்சள் தாள். பழி மொத்தம் நூறு பைசா என்று வைத்துக்கொண்டு அவரவர் மனதில் பட்டபடி பிரித்து எழுதி, மடித்து ஓர் உறையில் போட்டுவிட வேண்டும். பிறகு பதிவான ஆட்டங்களைப் பார்ப்பது. அதுவும் ஏழாவது ஆட்டத்திலிருந்து இல்லை, நான்காவதிலிருந்து. தொடரில் சிக்ஸர்ஸ் 2-1 என்று முன்னால் இருந்தது அப்போதுதான். வீணான ஒவ்வொரு தாக்குதலிலும் படத்தை நிறுத்தி மூன்று பத்தியில் குறிப்பது: பந்தைத் தொலைத்தவர் (ஷாட்டைத் தவறவிட்டாலும் இதில்தான்), புள்ளியை விட்டுக்கொடுத்தவர், அந்த ஆளை அந்த இடத்தில் ஆடவைத்த கோச். எல்லாம் முடிந்ததும் நூறு பைசாவை மறுபடி பிரிப்பது.

ஏன் இவ்வளவு சடங்கு? டிரைவர் வாய்ப்பேச்சில் எவரையும் அடக்கிவிடுவார். முப்பது வருஷம் பஸ் கூட்டத்தைச் சமாளித்த குரல் அது. தாளில் எழுதும்போது குரலுக்கு வேலையில்லை. கடைசி நான்கு நிமிடத்திலிருந்து தொடங்கினால் அந்தப் பாஸே மற்றதையெல்லாம் மூடிவிடும் என்பதும் ஒரு காரணம்.

முதல் சுற்றில் ஐந்து தாள். நான்கு தாளில் பாதிக்கு மேல் சிம்மன்ஸுக்கு. என் தாளிலும்தான். நர்ஸ் மட்டும் 'எம்பீடின் முழங்கால்' என்று எழுதி, அதற்கு இருபது பைசா போட்டிருந்தார். ஹாக்ஸோடு மோதுவதற்கு முந்தைய சுற்றிலேயே எம்பீடின் வலது முழங்கால் ஜவ்வில் சிறு கிழிசல் ஏற்பட்டிருந்தது. முழங்கால் ஆளில்லையே என்று நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக்கூடாது.

மறுபார்வையில் தெரிந்தது

நான்காவது ஆட்டம்: 18 புள்ளி முன்னிலையை விட்டு 103-100 என்று தோல்வி. எம்பீட் 20-க்கு 4. இரண்டாம் பாதியில் 12 ஷாட் எடுத்து ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கடைசி நொடிகளில் கூடைக்கு அடியிலிருந்து போட்டதும் சேர்த்து. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது, அவர் தரையிலிருந்து எழும்புவதே குறைந்துகொண்டு போவது தெரிந்தது. நர்ஸ் எதுவும் சொல்லவில்லை.

ஐந்தாவது ஆட்டம்தான் உண்மையில் வயிற்றெரிச்சல். சொந்த அரங்கம், பாதி நேரத்தில் 62-40. ஒரு கட்டத்தில் 26 புள்ளி முன்னிலை. தோற்றது 109-106. இரண்டாம் பாதியில் ஃப்ரீ த்ரோ தவிர்த்து ஷாட் போட்ட சிக்ஸர்ஸ் ஆட்டக்காரர்கள் இரண்டே பேர், எம்பீடும் செத் கர்ரியும். ஹாரிஸுக்கு மொத்த ஆட்டத்திலும் 4 புள்ளி. சிம்மன்ஸ் 14 ஃப்ரீ த்ரோவில் 4.

இந்த ஃப்ரீ த்ரோ விவகாரத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு தாக்குதலில் ஓர் அணி சராசரியாக ஒரு புள்ளிக்குச் சற்று மேல் எடுக்கும். இந்தத் தொடரில் சிம்மன்ஸ் 45 ஃப்ரீ த்ரோவில் 15 போட்டார், மூன்றில் ஒன்று. அவரை வேண்டுமென்றே ஃபவுல் செய்து இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தால் சராசரியாக முக்கால் புள்ளிகூடத் தேறாது. எதிரணிக்கு இது லாபக் கணக்கு, செய்துகொண்டே இருந்தார்கள். குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் பந்து இல்லாதவரைப் பிடித்து ஃபவுல் செய்தால் ஒரு ஃப்ரீ த்ரோவோடு பந்தும் திரும்பக் கிடைத்துவிடும் என்பதால் அந்தத் தந்திரம் அங்கே செல்லாது. ஆனால் பந்து கையில் இருந்தால் எந்த நிமிடமும் ஆபத்துதான். அந்த சீசனில் அவருடைய வழக்கமான விகிதம் 61 சதவீதம். ஐந்தாவது ஆட்டத்தில் அதன்படி போட்டிருந்தால் எட்டு, ஒன்பது உள்ளே போயிருக்கும். தோற்றது மூன்று புள்ளியில்.

இதை வைத்துக்கொண்டு பார்த்தால் ஏழாவது ஆட்டத்தின் பாஸ் வேறு மாதிரி தெரிகிறது. சிம்மன்ஸ் பயந்தது யங்கின் உயரத்துக்கு இல்லை. யங் கையைப் பிடித்து இழுத்தால் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போக வேண்டும். அங்கே போகத்தான் அவருக்கு மனமில்லை. இது என் ஊகம்தான். ஆனால் டிரைவரே அந்த இடத்தில் முதல்முறையாக, "பையன் அந்தக் கோட்டுக்குப் பயப்படறான்" என்றார். பத்து நாள் அவர் வாயில் வந்த வேறு வார்த்தைகளோடு ஒப்பிட்டால் அதில் பாதி இரக்கம் இருந்தது.

அந்தப் பாஸால் போனது, கணக்குப் போட்டால், ஒரு புள்ளி. எழும்பித் திணித்திருந்தால் 88-88, நடந்தது 88-87. மிச்சம் 3 நிமிடம் 29 நொடியில் ஹாக்ஸ் 15 புள்ளி எடுத்தார்கள். அந்தப் பதினைந்தை யார் விட்டது? யாரும் பேசவில்லை. அன்று 27 புள்ளி எடுத்த ஹெர்ட்டர், தன்னைவிட ஏறத்தாழ ஐந்தங்குலம் குட்டையான கர்ரியைத் தேடித் தேடி அவர் தலைக்கு மேலே போட்டுக்கொண்டிருந்தார். அதை மாற்றாதது கோச்சின் பத்தியில் பல கோடுகளாக விழுந்தது.

மூன்று பத்தியையும் கூட்டினோம். பந்தைத் தொலைத்த கணக்கில் முதலிடம் எம்பீடுக்கு. சிம்மன்ஸ் நான்காவதோ ஐந்தாவதோ. நான் வெற்றிக்களிப்போடு தாளை நீட்டினேன். கூட்டம் சொல்வதும் எண்ணிக்கை சொல்வதும் வேறு என்று நிரூபித்துவிட்ட பெருமை.

டிரைவர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்: "ஷாட்டே எடுக்காதவன் எங்கே தவறவிடுவான்?"

அதுதான் இந்த முழு நிகழ்விலும் ஆகச் சரியான கேள்வி. கேட்டவர் எங்களில் ஆக அதிகம் கத்தியவர். தொடரின் ஏழு ஆட்டத்தையும் சேர்த்து நான்காவது குவார்ட்டரில் சிம்மன்ஸ் எடுத்த ஷாட் மூன்று. மூன்றே மூன்று. எடுக்காத ஷாட்டுக்கு எங்கள் தாளில் பத்தியே இல்லை. எம்பீட் பெயரில் கோடு அதிகம் விழுந்ததற்குக் காரணம், பந்து எப்போதும் அவரிடம் இருந்தது. இரண்டு மூன்று பேர் அவரைச் சுற்றி மொய்த்தார்கள். அப்படி மொய்க்க முடிந்ததற்குக் காரணம், சிம்மன்ஸ் பக்கம் யாரும் காவல் நிற்க வேண்டியிருக்கவில்லை.

ஆக, அந்தப் பாஸ் அவர் மேல் சுமத்திய பழி அளவுக்கு மீறியது; எங்கள் எண்ணிக்கை அவருக்குக் கொடுத்த விடுதலையும் அளவுக்கு மீறியது. நான்காவது பத்தி ஒன்று சேர்த்தோம்: 'செய்யாமல் விட்டது'. அதை நிரப்புவது கடினம். ஓர் ஆள் கையை உயர்த்திப் பந்து கேட்காமல் ஓரமாக நின்ற இடத்தையெல்லாம் நிறுத்திக் குறிக்க வேண்டும். இரண்டு சனிக்கிழமை அதற்கே போனது. முடிதிருத்தும் நண்பர் இரண்டாவது வாரம் வரவில்லை. கடையில் கூட்டம் என்றார். சலித்துவிட்டது என்பதுதான் உண்மை, குறைசொல்ல முடியாது.

இரண்டாம் சுற்றுத் தாளில் சிம்மன்ஸ் எல்லோரிடமும் முதலிடத்திலேயே இருந்தார், ஆனால் பாதிக்குக் கீழே. ஹாரிஸ், எம்பீட், ரிவர்ஸ் மூவரும் ஏறியிருந்தார்கள். டிரைவர் பத்து பைசாவை முழங்காலுக்குக் கொடுத்திருந்தார். நர்ஸ் அந்தத் தாளை மட்டும் வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

பின்னால் நடந்தது

அந்தக் கோடையில் தன்னை வேறு அணிக்கு மாற்றும்படி சிம்மன்ஸ் கேட்டார். பயிற்சி முகாமுக்கு வரவில்லை, அபராதம் போட்டார்கள். அக்டோபரில் வந்தவரை ஒரு நாள் பயிற்சியிலிருந்து கோச் வெளியே அனுப்பினார். ஆட மனநிலை இல்லை என்று சிம்மன்ஸ் அணிக்குத் தெரிவித்தார். 2022 பிப்ரவரி 10 அன்று அவரையும் கர்ரியையும் இன்னும் சிலவற்றையும் புரூக்ளின் அணிக்குக் கொடுத்து ஜேம்ஸ் ஹார்டனை வாங்கினார்கள். அந்த சீசன் முழுக்க சிம்மன்ஸ் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. முதுகில் அறுவை சிகிச்சையும் நடந்தது.

மார்ச் 10 அன்று அவர் புரூக்ளின் பெஞ்சில் சாதாரண உடையில் வந்து உட்கார்ந்திருக்க, எங்கள் ஊர் அரங்கமே ஊளையிட்டது. அன்று சிக்ஸர்ஸ் 129-100 என்று தோற்றார்கள். ஆடாத ஆளைத் திட்டிக்கொண்டே 29 புள்ளியில் தோற்பது எப்படி என்று அன்று பார்த்தேன். நவம்பர் 22 அன்று அவர் அங்கே முதல்முறையாக எதிரணியில் ஆடினார். எதிரணிக்காரர் அடுத்தடுத்து இரண்டு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டால் ரசிகர்களுக்குக் கோழித்துண்டு இலவசம் என்று அந்த அரங்கில் ஒரு வழக்கம் உண்டு. சிம்மன்ஸ் இரண்டையும் தவறவிட்டார். கோப்பை வாங்கியதுபோல் கூச்சல். டீச்சர் டிவியை மியூட் செய்தார்.

சிம்மன்ஸ் போய்விட்டார், வியாதி போனதா? 2022-இல் இரண்டாம் சுற்றில் மயாமியிடம் ஆறு ஆட்டத்தில் தோல்வி. கடைசி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் ஹார்டன் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மயாமிக்காக 32 எடுத்தவர் ஜிம்மி பட்லர், 2019 வரை நம்மிடம் இருந்தவர். அவரை விட்டுவிட்டு ஹாரிஸைப் பெரிய ஒப்பந்தத்தில் தக்கவைத்த முடிவு எங்கள் மஞ்சள் தாளில் எந்தப் பத்தியிலும் இல்லை. அந்தப் பழி மைதானத்துக்கே வராத நிர்வாகத்துக்குப் போக வேண்டியது.

மாணவன் திரும்பி வந்தது 2021 செப்டம்பரில். இரண்டாம் சுற்றுத் தாளைப் படமெடுத்து டீச்சர் அவனுக்கு அனுப்பியிருந்தார். வந்தவன் தாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 25-ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். டிரைவர் கதவைத் திறந்து, சட்டையைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றார். நிலவறைப் பெட்டியிலிருந்து இரண்டு பீர் மேலே வந்தது.

இன்னொரு முறை என்றால்

நடந்ததில் நான் மாற்றுவது இவை. முதல் தாள் எழுதும்போதே பையனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். சிம்மன்ஸுக்காகப் பேச ஒரே ஆள் அவன்தான். அவன் இல்லாமல் நாங்கள் நடத்தியது ஒருதலை விசாரணை. நான்காவது பத்தியை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு வரும் பேட்டிகளை அன்றிரவு பார்க்காமல் விட்டிருக்க வேண்டும். ஆட்டக்காரரும் கோச்சும் அப்போது வலியில் பேசுகிறார்கள், நாமோ அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறோம். 'யார் காரணம்' என்ற கேள்வியை 'யாரை மாற்ற வேண்டும்' என்பதிலிருந்து பிரித்து, தாளின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று எழுதச் சொல்லியிருக்க வேண்டும்.

மாற்றாதது: நான்காவது ஆட்டத்திலிருந்து தொடங்கியது. டிரைவரின் கேள்விக்காக மொத்தக் கணக்கையும் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கியதும்.

2023-இல் இதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பு வந்தது. எம்பீட் அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியிருந்தார். பாஸ்டனுக்கு எதிராக 3-2 என்று முன்னால் இருந்து, ஆறாவது ஆட்டத்தைத் தோற்று, மே 14 அன்று ஏழாவது ஆட்டம். மூன்றாவது குவார்ட்டர் மட்டும் 33-10. பாஸ்டனின் ஜேசன் டேட்டம் தனியாளாக 51. எம்பீட் 18-க்கு 5, ஹார்டன் 11-க்கு 3. முடிவு 112-88. இரண்டு நாளில் ரிவர்ஸின் வேலை போனது. இந்த முறை சுட்டிக்காட்ட ஒற்றைத் தருணம் எதுவும் இல்லை. எல்லாமே சேர்ந்து சரிந்தது. அறையில் யாரும் கத்தவில்லை. அதற்குக் காரணம் எங்கள் முதிர்ச்சி என்று சொல்ல ஆசைதான். திட்டுவதற்கு வாகான ஒரு காட்சி கிடைக்கவில்லை என்பதே நிஜம் என்று நினைக்கிறேன்.

டிவியை அணைத்ததும் டிரைவர் மஞ்சள் தாள் கட்டை எடுத்தார். ஆறு தாள் கிழித்தார். தங்கை மகன் பேனா மூடியைத் திறந்தபோது அவன் கையைத் தட்டிவிட்டார். அன்று அன்னையர் தினம்.

"முதல்ல உங்கம்மாவுக்கு ஒரு போன் போடு. பேசிட்டு எங்கிட்ட குடு, நானும் பேசறேன். எழுதறத அப்புறம் எழுதலாம்."